குருசு போட்ட போர்டு

அம்மாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வேறு கடையில்தான் அடிக்க வேண்டியிருந்தது. இறந்த தேதிக்கு மேலே 'விண்ணகப் பிறப்பு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விண்ணகப் பரப்பு' என்று வந்தது. அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததால் அந்தக் கடைக்காரன் பிழைத்தான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்லதாகவே சொன்னார்கள். லீமா பொறுமைசாலி என்றார் ஒருவர். அதிர்ந்து பேசாதவள் என்றார் இன்னொருவர். வேறு வீட்டுக்கு வந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே நடந்ததில் ஒன்றை நடந்தபடி எழுதுகிறேன்.

லீமா பிறந்தது கடியப்பட்டணம், வாழ்க்கைப்பட்டது குளச்சல். தட்டச்சில் லோயர் பாஸ், ஹையர் ஃபெயில். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நேசையன் என்ற ஆதாரம் எழுத்தரிடம் டைப் அடித்தாள். நிலப் பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். நேசையன் சி.எஸ்.ஐ. சபைக்காரர். ஆனால் வருகிறவரின் மதத்துக்கு ஏற்பத் தாளின் உச்சியில் ஒரு குறி போடாமல் ஒரு வரி அடிக்க விடமாட்டார். இந்துவுக்கு 'உ'. முஸ்லிமுக்கு 786. கிறிஸ்தவனுக்குச் சிலுவை. குறி இல்லாத தாள் தலை இல்லாத முண்டம் என்பது அவர் கட்சி. அம்மா அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது இதை மட்டும்தான். நேரத்துக்கு வருவது, வாயை அடக்குவது முதலானவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

அப்பா மஸ்கட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். விடுமுறையில் வந்தால் வீட்டிலுள்ள ஃபேன்களை எல்லாம் கழற்றிப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போவார். அம்மாவும் அவரும் தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினார்கள். அதாவது சண்டை போட்டார்கள்.

சுனாமி எங்கள் வீட்டின் ஒரு பக்கச் சுவரைக் கொண்டுபோனது. தண்ணீர் வடிந்ததும் தொண்டு நிறுவனங்கள் வந்தன. கடலோரப் பெண்களுக்குச் சுயதொழில் என்று தையல் மெஷினாகக் கொடுத்தார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் தையல் மெஷின். தைக்கத் துணி கொடுக்கத்தான் ஒரு வீடும் இல்லை. அம்மா தனக்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். மீனவப் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று அந்த நிறுவனத்துக்கும் தேவைப்பட்டது. அவர்களுக்குப் படம் கிடைத்தது, அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. கூடவே ஓர் இங்க்ஜெட் பிரிண்டர். படத்தில் அம்மா விசைப்பலகையின்மேல் கை வைத்துச் சிரிக்கிறாள். கம்ப்யூட்டருக்கு அப்போது கரண்ட் கொடுத்திருக்கவில்லை.

குளச்சல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 'லீமா கிராபிக்ஸ்' ஆரம்பமானது. கல்யாண அட்டை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை அட்டை, அடக்க அறிவிப்பு, வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பயோடேட்டா. எதுவானாலும் உச்சியில் குறி. சவூதிக்குப் போக இருந்த ஒரு பையனின் பயோடேட்டாவில் சிலுவை போட்டுக் கொடுத்தாள். ஏஜென்ட் அதைத் திருப்பி அனுப்பினான். பையன் வந்து முறையிட்டபோது, அவன் அங்கே போக வேண்டாம் என்று ஆண்டவர் நினைத்திருக்கிறார் என்று கணக்கை முடித்துவிட்டாள்.

2008இல் நான் எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சர்க்யூட் போர்டு வேண்டும். போர்டு என்பது மேலே செம்புத் தகடு ஒட்டிய பலகை. வேண்டாத செம்பை அமிலத்தில் கரைத்துவிட்டு, வேண்டிய கோடுகளை மட்டும் மிச்சம் வைக்க வேண்டும். மின்சாரம் அந்தக் கோடுகளில் ஓடும். நாகர்கோவிலில் கொடுத்தால் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். அந்தக் கோடுகளை இங்க்ஜெட் பிரிண்டரில் நேராகச் செம்பின்மேலேயே அடிக்கலாம், மை மூடிய இடத்தை அமிலம் தொடாது என்று இணையத்தில் படித்தேன். ஒரே சிக்கல், பலகை தாளைவிடத் தடிமன். பிரிண்டரைக் கொஞ்சம் அறுக்க வேண்டும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன நேரத்தில் அறுத்தேன். மை தெளிக்கும் தலை ஓடுகிற கம்பியை வாஷர் கொடுத்து உயர்த்தினேன். பின்பக்கப் பிளாஸ்டிக்கை ஹாக்ஸா பிளேடால் வெட்டி, பலகை வளையாமல் நேராக நுழைந்து நேராக வெளியே வர வழி செய்தேன். அம்மா திரும்பி வந்தபோது பிரிண்டரில் பாதி மேசையிலும் பாதி தரையிலும் இருந்தது.

"என் சோத்துச் சட்டிய அறுத்துட்டியேட்டி" என்றாள். கொஞ்ச நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு, "இனிமே நீ இதத் தொடாத. அறுத்தது நீ, ஓட்டுறது நான்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் அவள் இந்தத் தொழிலுக்குள் வந்தாள். அவளைப் பொறுத்தவரை செம்புப் பலகை என்பது இன்னொரு வகை அட்டை. அதை முதலில் புளி போட்டுத் தேய்ப்பாள். குடம், பானை, சர்க்யூட் போர்டு எல்லாம் அவளுக்கு ஒரே இனம். வழவழப்பான செம்பில் மை நிற்காமல் முத்து முத்தாக உருளும். புளி செம்பை லேசாக அரித்து மைக்குப் பிடிமானம் கொடுத்தது. அவள் தேய்த்தது பளபளப்புக்காக. பிறகு பலகையை அலுமினியத் தட்டில் ஒட்டி பிரிண்டருக்குள் விடுவாள். அச்சானதை தோசைக்கல்லில் வைத்துச் சின்னத் தீயில் சுட்டு மையை இறுக்குவாள். கடைசியில் பிளாஸ்டிக் தொட்டியில் ஃபெரிக் குளோரைடு, செம்பைக் கரைக்கும் திரவம். கடுங்காப்பி நிறத்தில் இருக்கும், பட்ட இடத்தில் கறை ஜென்மத்துக்கும் போகாது. எங்கள் கழுவுதொட்டி, திண்டு, அவளுடைய நைட்டிகள் எல்லாவற்றிலும் உலக வரைபடம்.

தொட்டிக்குள் இறக்குவதற்கு அவள் வைத்த பெயர் ஞானஸ்நானம். இறக்கும்போது 'பிதா சுதன்' என்று முனகுவாள். கேலியா பக்தியா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நான் பாஸானேன். திருவனந்தபுரத்தில் போர்டு லேஅவுட் வரையும் வேலை கிடைத்துப் போனேன். குளச்சலில் ஒரு அம்மா ஒரே நாளில் போர்டு அடித்துத் தருகிறாள் என்ற செய்தி கல்லூரிகளில் பரவிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் பஸ் நிறுத்தத்தைவிடப் பொறியியல் கல்லூரி அதிகம். மாணவர்கள் பென் டிரைவோடு வரிசையில் வந்தார்கள். எது ரெசிஸ்டர், எது கப்பாசிட்டர் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கல்யாண அட்டை அடிக்கிறவன் யார் யாரைக் கட்டுகிறார்கள் என்று விசாரிக்கவா செய்கிறான் என்று கேட்பாள். போர்டு வேலை செய்கிறதா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கோடு நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள்.

போர்டிலும் அவள் குறி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கோலப்பன் என்ற பையனின் போர்டில் 'உ' இருந்திருக்கிறது. குளச்சல் முஸ்லிம் பையன் ஒருவனின் போர்டில் 786. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்கு 7805 என்று எண் உண்டு; 786ஐ அதன் தம்பி என்று நினைத்திருப்பார்கள். குறிகள் எல்லாம் ஓரத்தில், எந்தக் கோட்டையும் தொடாமல் கிடந்தன. யாருக்கும் தொந்தரவு இல்லை.

தொந்தரவு 2010 ஏப்ரலில் வந்தது. பெபிஷாவின் போர்டில்.

பெபிஷா கடியப்பட்டணத்துப் பெண். அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவள் அப்பா மரியஜானுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் உண்டு. வள்ளத்தின் அடியில் தண்ணீர் ஏறினால் கூவுகிற அலாரம் அவளுடைய ப்ராஜெக்ட். சென்னையில் ஒரு கம்பெனி கல்லூரிக்கே வந்து அவளை வேலைக்கு எடுத்திருந்தது. அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவள் வீட்டில் மாற்றுத் திட்டம் ஒன்றும் தயாராக இருந்தது: குவைத் மாப்பிள்ளை. ப்ராஜெக்ட் தேறினால் சென்னை, தேறாவிட்டால் குவைத். பெபிஷாவுக்குச் சென்னைக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் போட்டோவை அவள் பார்த்திருந்தாள்.

கல்லூரியில் ஒத்திகை நாளன்று போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் அது புகைந்துவிட்டது. பேராசிரியர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, திங்கட்கிழமை வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், அன்றைக்கு ஓடவில்லையென்றால் ஃபெயில் என்றார்.

நான் சனிக்கிழமை ஊருக்கு வந்து கடையில் ஏறியபோது பெபிஷா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ப்ராஜெக்ட்டில் அவளுக்குக் கூட்டாளி ஜெப்சன், மார்த்தாண்டத்துப் பையன். செத்த போர்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நாறிய மீனைப் பிடிப்பதுபோலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா அவனைத்தான் பிடித்திருந்தாள்.

"ஏலே, இங்கருந்து போகும்போ நல்லாத்தான இருந்துது? நீ கொண்டுபோயி என்ன எளவச் செஞ்ச?"

போர்டை வாங்கிப் பார்த்தேன். ரெகுலேட்டர் வெடித்திருந்தது. மைக்ரோகன்ட்ரோலரும் போயிருந்தது. அதுதான் இந்தப் போர்டின் மூளை. சிவப்பு வயரைத் தவறான முனையில் வைத்திருந்தார்கள். பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ், மைனஸ் இடத்தில் பிளஸ். இறுதியாண்டு மாணவன் இதைச் செய்வானா என்று ஜெப்சனிடம் கேட்டேன்.

"பிளஸ் போட்டிருந்துதேக்கா" என்றான் அவன். விரலால் தொட்டும் காட்டினான்.

இருந்தது. செம்புப் பக்கத்தில், இரண்டு முனைகளில் ஒன்றுக்குத் தலைமாட்டில், ஒரு சின்ன பிளஸ். அதை நான் வரையவில்லை, பெபிஷா வரைந்திருப்பாள் என்று நினைத்தேன் என்றான் ஜெப்சன். பெபிஷா, ஜெப்சன் வரைந்தான் என்று நினைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"அது பிளஸ் இல்லலே" என்றாள். "குருசு."

சிலுவையை எங்கள் கடற்கரையில் குருசு என்போம். அம்மா அட்டையில் போடுவதுபோலவே பெபிஷாவின் படத்தின் உச்சியிலும் நடுவாக ஒரு குருசு போட்டிருந்தாள். உச்சியில் நடுவாக இருந்தது மைனஸ் முனை. குருசுக்குக் கீழ்க்கால் நீளமாக இருக்க வேண்டும். அது அமிலத்தில் கரைந்துபோய் நாலு பக்கமும் சமமாக நின்றது. ஞானஸ்நான நேரத்தில் மஸ்கட்டிலிருந்து அப்பா பேசியிருக்கிறார். சண்டை நீண்டிருக்கிறது. தொட்டியிலிருந்து எடுக்க வேண்டிய நேரம் கடந்துபோயிருக்கிறது. ஆக, குவைத் மாப்பிள்ளையின் கை ஓங்கியதற்கு மூல காரணம் என் அப்பா.

ஜெப்சன் சி.எஸ்.ஐ., நாங்கள் கத்தோலிக்கர். தங்கள் சபையில் போர்டில் எல்லாம் குருசு போடுகிற வழக்கம் இல்லை என்று மெல்லச் சொன்னான்.

"அதுக்குத்தாம்லே உன் கையில வெளங்காம போச்சி" என்றாள் அம்மா.

மூளைச் சில்லு இன்னும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ப்ரோக்ராம் ஏற்றித் தயாராக ஜெப்சன் வைத்திருந்தான். ஏற்றிக் கொடுத்த ப்ராஜெக்ட் சென்டர்க்காரர் கேரளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவார். அதுவும் புகைந்தால் எல்லாம் முடிந்தது. புதிய போர்டு அடிக்க வேண்டும், பிழை இல்லாமல் அடிக்க வேண்டும், குருசு இல்லாமல் அடிக்க வேண்டும் என்றேன்.

முதல் இரண்டுக்கும் அம்மா தலையாட்டினாள். மூன்றாவதைக் கேட்டதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். குறி இல்லாமல் ஒரு சோலியும் இந்தக் கடையை விட்டு இறங்கினதில்லை, இனியும் இறங்காது, வேண்டுமானால் வேறு கடைக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றாள். வேறு கடை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"அம்மா, இது கல்யாண அட்டை இல்ல. சர்க்யூட்."

"சர்க்யூட்டுக்கு ஆண்டவரு கெடையாதா? நீ படிச்சது ஆண்டவரு தெரியாத படிப்பாட்டி?"

ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும்போது நாலு மில்லிமீட்டர் செம்புக்காக அடம்பிடிக்கிறாயே என்று கேட்டேன். வாழ்க்கை தொங்குவதால்தான் குருசு வேண்டும் என்றாள். நான் பெபிஷாவைப் பார்த்தேன். தேர்வு அவளுடையது, அவளே சொல்லட்டும். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"குருசு இல்லாம கொண்டு போக எனக்கும் பயமாத்தாங்க்கா இருக்கு" என்றாள்.

நாலு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா திரையில் போர்டின் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இந்தக் கரண்டு எந்த வழியாட்டி உள்ள ஏறுது?"

பிளஸ் முனையைத் தொட்டுக் காட்டினேன். இங்கேதான் பாட்டரியின் சிவப்பு வயர் வரும், இங்கிருந்து இந்தக் கோட்டில் ஓடி எல்லா இடத்துக்கும் போகும் என்றேன். அம்மா கோட்டோடு கூடவே விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஊரு முக்கு இதுதான?" என்றாள். "ஊருக்குள்ள ஏறுற முக்குலதான் குருசடி கெட்டுவான். நடுத்தெருவுல கொண்டு கெட்டுனா வண்டி இடிக்கத்தான் செய்யும்."

எந்தக் கடற்கரை ஊருக்குள் நுழைந்தாலும் முதலில் குருசடி, அதாவது சிலுவை நட்ட சின்னக் கோயில், நிற்கும். அதைத் தாண்டித்தான் ஊர். அம்மா மவுஸைப் பிடித்து, குருசை மைனஸ் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் நட்டாள். கரையாமல் இருக்கக் கைகளைத் தடிப்பாக்கினாள்.

"தப்பு குருசுல இல்ல. எடத்துலயாக்கும்" என்றாள். அவள் ஆயுளில் தப்பு என்ற சொல்லைத் தன் வேலைக்குப் பயன்படுத்தியதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதிலும் குருசைக் காப்பாற்றிவிட்டாள்.

பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் பாசிட்டிவ் குறி. என் கம்பெனியிலும் அதைத்தான் செய்கிறோம். காரணம்தான் வேறு.

அடிப்பது லேசாக இருக்கவில்லை. மத்தியானக் கடல்காற்றில் தேய்த்து வைத்த செம்பு கண்ணெதிரே கறுத்தது. மை முத்து முத்தாக உருண்டது. துடைத்துவிட்டுத் திரும்ப அடித்தபோது தட்டு நழுவி எல்லாக் கோடும் இரட்டையாக விழுந்தது. அடுத்ததில் பாதி அச்சில் கரண்ட் போனது. மின்வாரியத்தை அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. ஜெப்சன் வேதக்கோவிலில் வளர்ந்த பையன், வெளியே போய் நின்றுகொண்டான். கடைசியில் ஞாயிறு பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, காற்றை மறித்து, புளியால் தேய்த்த கையோடு பலகையை உள்ளே விட்டாள். கோடு சுத்தமாக விழுந்தது. தோசைக்கல்லில் சுட்டு, தொட்டிக்குள் இறக்கினாள். மஸ்கட்டிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை. தொட்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நின்றாள். போன் அடித்து ஓய்ந்தது. வேண்டாத செம்பு கரைந்து கோடுகள் மட்டும் தெரிந்ததும் எடுத்துக் கழுவினாள். குருசு கீழ்க்காலோடு முழுதாக இருந்தது.

அன்றைக்கே நானும் பெபிஷாவும் பாகங்களைப் பற்றவைத்தோம். கடைசிச் சில்லை மட்டும் யாரும் வைக்கவில்லை. கல்லூரியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெபிஷா சொன்னாள். முதலில் வைத்துப் பார்ப்போம் என்று சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை.

திங்கட்கிழமை நான் லீவு சொன்னேன், அம்மாவும் கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரிக்கு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவை. எதற்கு என்று கேட்டேன். சிவப்பு வயரை அந்த மார்த்தாண்டத்தானிடம் நம்பிக் கொடுக்க முடியாது என்றாள்.

தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். வெயிலில் வாடியிருந்தார். பெபிஷா கடியப்பட்டணத்திலிருந்து ஒரு வாளி கடல்தண்ணீரைப் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். பைப்புத் தண்ணீர் போதாதா என்று பேராசிரியர் கேட்டதற்கு, வள்ளத்தில் ஏறுவது பைப்புத் தண்ணீர் இல்லையே சார் என்றாள். அவளிடம் அன்றைக்கு ஒரு மாதிரித் தெளிவு இருந்தது. வேறு வழி இல்லாதவர்களிடம் வருவது.

சில்லைச் செருகினாள். ஜெப்சன் சிவப்பு வயரை எடுத்தான். இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தான். வாசலில் நின்ற அம்மா, ஆய்வகம் முழுக்கக் கேட்கும்படி, "குருசுல வைலே" என்றாள்.

வைத்தான். புகை வரவில்லை. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

தண்ணீரை உணர்கிற இரண்டு செம்புக் கம்பிகளைப் பெபிஷா வாளிக்குள் விட்டாள். அலாரம் கூவியது. சின்ன ஓசை இல்லை. அடுத்த ஆய்வகத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தேர்வாளர் தலையாட்டினார், எடுக்கலாம் என்று கையால் காட்டினார். பெபிஷா கம்பிகளை வெளியே எடுத்தாள். அலாரம் நிற்கவில்லை.

கூவிக்கொண்டே இருந்தது. பேராசிரியர் முகம் மாறியது. ஜெப்சன் வயரைப் பிடுங்கப் போனான், பெபிஷா அவன் கையைத் தட்டிவிட்டாள். சத்தத்துக்கு மேலே தேர்வாளர் கத்தினார்.

"ஏன்மா நிக்க மாட்டேங்குது?"

"வெள்ளம் இன்னும் இருக்கே சார்" என்று பெபிஷாவும் கத்தினாள்.

எங்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், வாளியில் இருக்கிற தண்ணீர். கோயம்புத்தூர்க்காரருக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ள எச்சரிக்கைக் கருவியா, பேரிடர் மேலாண்மையா என்று கேட்டார். ஜெப்சன் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஆமாம் சார் என்றான். சபையில் ஞாயிறு பள்ளி வினாடி வினாவில் அவன் பரிசு வாங்கியவன் என்று பிற்பாடு தெரிந்தது.

பெபிஷா அவனைப்போல இல்லை. இல்லை சார், வள்ளத்துக்குத்தான் என்றாள். துப்பட்டாவின் நுனியை எடுத்து இரண்டு கம்பிகளுக்கும் நடுவே துடைத்தாள். அலாரம் நின்றது. உப்புத்தண்ணீர் கம்பிகளுக்கு இடையே படலமாக ஒட்டியிருந்தது, கரண்ட் அதன் வழியாக ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் இருக்கிறவரை கூவுவதுதான் இதன் வேலை என்று விளக்கினாள். திடீரென்று வந்த அமைதியில் அவள் குரல் ரொம்பச் சத்தமாகக் கேட்டது.

தேர்வாளர் போர்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். கோடுகள் நன்றாக இருக்கின்றன, எங்கே செய்தது என்றார். குளச்சலில் என்றாள் பெபிஷா. அவர் நம்பாததுபோலப் பார்த்தார்.

"இந்த பிளஸ் மட்டும் ஏன் இவ்வளவு பெருசா, கால் நீட்டிட்டு இருக்கு?"

வாசலில் அம்மா வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"தப்பா வச்சிரக் கூடாதுன்னு சார்" என்றாள் பெபிஷா.

மைனஸுக்கு ஏன் ஒன்றும் போடவில்லை என்று அவர் அடுத்துக் கேட்டார். பெபிஷா ஜெப்சனைப் பார்த்தாள், ஜெப்சன் வாசலைப் பார்த்தான். மைனஸுக்கு அம்மாவிடம் குறி கிடையாது. அவர் சிரித்துவிட்டு மதிப்பெண் போட்டார். எவ்வளவு என்று காட்டவில்லை. பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் பெபிஷாவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அது போதுமாக இருந்தது.

பெபிஷா வெளியே வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா பட்டுப்புடவையில் மூக்குப் படாதபடி அவள் தலையை ஒரு விரலால் தள்ளி வைத்துக்கொண்டே முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பஸ்ஸில் குளச்சல் வரைக்கும் தன் காலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளை பெற்றவளின் காலை ஆபீசர் முன்னால் மிதித்த கதையைக் கண்டக்டர்வரை சொன்னாள்.

பெபிஷா ஜூலையில் சென்னைக்குப் போனாள். குவைத் மாப்பிள்ளைக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் வேறு பெண் கிடைத்தது. அம்மாதான் அட்டை அடித்தாள்.

போர்டைப் பெபிஷா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மகள் செய்ததாயிற்றே என்று மரியஜான் அதை வள்ளத்தில் பூட்டினார். கடலில் அலை தெறித்தால் கூவியது. வலை இழுக்கும்போது வடிந்த தண்ணீருக்குக் கூவியது. கூட வந்தவர்கள் காதில் துணி அடைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அதன் சத்தத்தில் சாளை மீன் கூட்டம் ஒன்று திரும்பிப் போனதாக மரியஜான் சத்தியம் செய்தார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பிடுங்கிக் கடலில் எறிந்தார்.

இதைப் பெபிஷா அழுதுகொண்டே அம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். அம்மா உடனே என்னைத் திருவனந்தபுரத்தில் கூப்பிட்டாள். ஆபீஸ் நேரம். எடுத்ததும் சிரிப்புத்தான் கேட்டது.

"குருசோடதான போட்டிருக்கான், கெடக்கட்டு. மக்கா, அவளுக்கு இன்னொண்ணு அடிச்சுக் குடுக்கணும், கேட்டியா. கொஞ்சம் பைய கூவுறது மாதிரி. கோட்ட மெலிசாக்கினாப் போதுமா?"

சத்தம் கோட்டின் தடிமனில் இல்லை என்றேன்.

"பின்ன எதுலட்டி இருக்கு?"

எத்தனையோ போர்டு அடித்திருக்கிறாள். கோட்டுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று அதுவரை அவள் கேட்டதில்லை. நான் இருக்கையிலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போனேன். ரெசிஸ்டர் என்று ஒரு சின்னச் சாமான் இருக்கிறது, குழாயைப் பாதி திருகி வைப்பதுபோல அது கரண்டை அடக்கி விடும் என்று ஆரம்பித்தேன். அம்மா 'ம்' கொட்டினாள். எவ்வளவு அடக்க வேண்டும் என்பதை அதன்மேல் உள்ள வண்ணக் கோடுகள் சொல்லும் என்றேன். என்ன வண்ணம் என்று கேட்டாள். கறுப்பு, தவிட்டு நிறம், சிவப்பு என்று வரிசையாகச் சொன்னேன். மை மாதிரியா என்றாள். இல்லை, எண் மாதிரி என்றேன். அதற்கும் 'ம்' கொட்டினாள். கப்பாசிட்டரை ஆரம்பித்தபோது அங்கே யாரோ 'அக்கா' என்று கூப்பிடுவது கேட்டது.

"செரி மக்கா, வை. கடையில ஆளு நிக்கு. மீதியப் பொறவு சொல்லு" என்றாள்.